எண்ணப்பட்டோரும் கேட்கப்படாதோரும்: சமுதாயக் கல்வியின் விளைவறிக்கைகள் குறித்து ஒரு திறனாய்வு

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். அருளுரைகளைத் திறனாய்வு செய்கிறோம். கீர்த்தனைகளின் சொல்லாட்சியைப் பற்றிக்கூட வாதிடுகிறோம். ஆயினும் திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த சமூகப்பணி அமைப்புகளும் ஆண்டுதோறும் எழுதிக் குவிக்கும் ஒரு வகை எழுத்து மட்டும் எவருடைய திறனாய்வுக்கும் உட்படாமல் தப்பி வருகிறது. முதியோர் கல்வி, முறைசாராக் கல்வி, மகளிர் பயிற்சி, நலவாழ்வுக் கல்வி என்று பல பெயர்களில் நடைபெறும் சமுதாயக் கல்வித் திட்டங்கள் பற்றிய விளைவறிக்கையே அது. அலுவலகத்துக் காகிதம்தானே என்று அதனை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு குப்பத்தில் அடுத்த ஆண்டு வகுப்பு நடக்குமா, நடக்காதா என்பதை முடிவு செய்வது அருளுரையன்று, இக்காகிதமே. அதிகாரம் உடைய எழுத்து எதுவாயினும் அது திறனாய்வுக்கு உரியது என்பதே நமது கருத்து.

முதற்கண் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு திட்டம் செய்தது வேறு. அதனால் கற்றவர்பால் நிகழ்ந்தது வேறு. அந்நிகழ்வினால் அவர்தம் வாழ்க்கையில் நிலைத்தது வேறு. வகுப்பு நடத்தியது செயல். கையெழுத்திடக் கற்றது பயன். மீன் வியாபாரியின் கணக்கேட்டில் தன் பெயருக்கு நேராக எழுதியுள்ள கடன்தொகையைப் படித்துப் பார்த்து, "இது தவறு" என்று ஒரு பெண் சொல்லி, அத்தொகை திருத்தப்பட்டதெனின் அதுவே விளைவு. அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறையில் பணியாற்றிய கிளாட் பென்னட் என்பவர் 1975 இல் இதனை ஏழு படிகள் கொண்ட ஓர் ஏணியாக வகுத்துக் காட்டினார். இட்ட முதல், நடத்திய செயல், கலந்துகொண்டோர், அவர்களது மனப்போக்கு, அவர்கள் பெற்ற அறிவும் திறனும், மாறிய நடைமுறை, இறுதி விளைவு என்பன அப்படிகள். நம்மிடையே வெளிவரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை மூன்றாம் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழாம் படியைப் பற்றிப் பேசுகின்றன என்பதுதான் வியப்பு.

எடுத்துக்காட்டுக்காக இத்தகைய அறிக்கைகளின் சாயலில் நாமே ஒரு வாக்கியம் அமைப்போம். 'இவ்வாண்டில் பழவேற்காட்டு ஏரிப்பகுதியில் 12 மையங்களின் வாயிலாக 360 மகளிர் பயனடைந்தனர். அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது.' இதனைப் படிக்கும் எவருக்கும் பழக்கமான ஓசை கேட்கும். சற்று நின்று இதன் இலக்கணத்தைப் பார்ப்போம். 'பயனடைந்தனர்' என்னும் வினைமுற்றுக்குச் செயப்படுபொருள் யாது? எந்தப் பயன் என்பதை அவ்வினையே தன்னுள் விழுங்கிக்கொண்டு வாய் மூடிவிடுகிறது. 'ஊட்டப்பட்டது' என்பதோ இன்னும் கொடிது. ஊட்டுதல் குழந்தைக்குச் சோறு கொடுப்பதைக் குறிக்கும் சொல். நாற்பது ஆண்டுகள் நீரோட்டமும் காற்றும் பார்த்து ஏரியில் உழைத்தவளை இச்சொல் மடியில் கிடத்திவிடுகிறது. ஊட்டியவர் யார் என்பதையும் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. கற்பவரை வெறுங்கலமாகக் கருதி நிரப்பும் கல்வியைப் பவுலோ பிரெயரே கண்டித்ததை நமது இறையியல் கல்லூரிகள் அறியாதவை அல்ல. அவர் 1970 முதல் பத்தாண்டுகள் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்திலேயே கல்வி ஆலோசகராக இருந்தவர். அவரை மேற்கோள் காட்டும் அறிக்கையே தன் வினைச்சொல்லில் அவரை மறுத்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி 360 என்னும் எண்ணுக்கு வருவோம். 1978 அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் கல்வித் திட்டத்தில், மையம் ஒன்றுக்குச் சுமார் 30 பேர் என்பது விதி. 12 ஐ 30 ஆல் பெருக்கினால் 360. இவ்வெண் எண்ணிப் பார்த்துக் கிடைத்ததன்று. பெருக்கிப் பார்த்துக் கிடைத்தது. வருகைப் பதிவேட்டில் எப்போதும் முப்பது பெயர்களே இருக்கும் என்பதையும், இறால் வரத்து மிகும் நாள்களில் அம்முப்பதில் எத்தனை பேர் உண்மையில் அமர்ந்திருப்பர் என்பதையும் கரையோரத்தில் பணிபுரிந்த ஊழியர் எவரும் அறிவர். வட்டமான எண்களைக் கண்டால் வாசகர் ஐயுறுதல் நன்று என்பது நமது ஆலோசனை.

அத்தேசியத் திட்டம் 15 முதல் 35 வயதுக்கு உட்பட்ட 10 கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எட்டுவதாக உறுதி பூண்டது. எழுத்தறிவு, செயல்திறன், விழிப்புணர்வு ஆகிய மூன்றும் அதன் குறிக்கோள்கள். மூன்றனுள் முதலாவதை எண்ணிவிடலாம். ஏனைய இரண்டையும் எண்ணுதல் அரிது. எனவே எண்ணக்கூடியதே அறிக்கையில் வளர்ந்தது. எண்ணவியலாதது முன்னுரையில் ஒரு வாழ்த்துச் சொல்லாக நின்றுவிட்டது. 1980 இல் கோத்தாரி தலைமையிலான குழு அத்திட்டத்தை மறுஆய்வு செய்யவேண்டி வந்ததை நினைவுகூர்க. பின்னர் 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும், அதன்பின் மாவட்டந்தோறும் முழு எழுத்தறிவு இயக்கங்களும் தோன்றின. அவற்றை ஆராய்ந்த அருண் கோஷ் குழு 1994 இல், அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைகளின் நம்பகத்தன்மையைப் பற்றியும், கற்றோர் மீண்டும் எழுத்தை மறந்துபோவதைப் பற்றியும் கவலை தெரிவித்தது. அரசை மட்டும் இதில் குறைகூற நமக்கு உரிமையில்லை. திருப்பணியின் அறிக்கைகளுக்கு இதனினும் நீண்ட வரலாறு உண்டு.

சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்தார். விரைவிலேயே பள்ளிகளைத் தொடங்கினார். அப்பணியைப் பற்றிய செய்திகள் 1710 முதல் ஜெர்மனியிலுள்ள ஹல்லே நகரில் அச்சிடப்பட்டுப் பணி ஆதரவாளர்களிடையே பரவின. ஐரோப்பாவில் பலர் தமிழகத்தைப் பற்றி அறிந்தது அவ்வறிக்கைகளின் மூலமே. அவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பள்ளிகளின் அன்றாட நடப்புகளை அக்காலத்தில் அவ்வளவு விரிவாக எழுதி வைத்தோர் வேறு எவருமிலர் எனலாம். ஆயினும் அனுப்பியவர் எழுதியது அனைத்தும் பெற்றவர் அச்சிட்டதாக இல்லை. சீகன்பால்கு தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713 இல் எழுதி முடித்த நூலை ஹல்லேயின் தலைவர் பிராங்கே அச்சேற்ற மறுத்தார். அந்நூல் 1867 இல்தான் வெளிவந்தது. மக்களிடமிருந்து பணியாளர் கற்றுக்கொண்டது எதுவோ அதுவே வெளியிடத் தகாததாயிற்று. களத்தில் எழுதப்படும் அறிக்கை தலைமையிடத்தின் மேசையைக் கடக்கும்போது எதனை இழக்கிறது என்னும் வினாவுக்கு 154 ஆண்டுகள் இருளில் கிடந்த அக்கையெழுத்துப்படியே சான்று. இன்று அம்மேசை மின்னஞ்சலிலும் அட்டவணையிலும் இருக்கிறது. கட்டங்களுக்குள் பொருந்தாத செய்தி இன்றும் வெளியே விழுகிறது.

அட்டவணை என்றதும் மற்றொன்றைச் சொல்லவேண்டும். திட்டத்தின் நோக்கம், பயன், அளவுகோல், சான்று ஆகியவற்றை நிரல்பட எழுதச் சொல்லும் தருக்கச் சட்டகம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக 1969-70 இல் உருவாக்கப்பட்டது. பின்னர்த் திருச்சபை சார்ந்த உதவி அமைப்புகளும் அதனை மேற்கொண்டன. சிந்திப்பதற்கு அது நல்ல கருவியே. சிந்தித்ததற்கு மாற்றாக அதனை நிரப்புவதே கேடு.

நமது கடற்கரையைப் பொறுத்தவரை, இத்துறையில் படிக்கத் தகுந்த எழுத்து ஒன்று 1985 இல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், கடல் மீனவர்க்கான முறைசாரா முதியோர் கல்விக்கெனப் பயிற்றுநர் கையேடு, ஊக்குநர் கையேடு என இரண்டு நூல்களை வெளியிட்டது. 'பகிர்ந்து கற்றலை நோக்கி' என்பது அவற்றின் தலைப்பின் பொருள். கற்பிப்பவரை ஆசிரியர் என்னாமல் ஊக்குநர் என்று அழைத்ததில் ஒரு கொள்கையே அடங்கியுள்ளது. அவை விளைவறிக்கைகள் அல்ல என்பது உண்மை. ஆனால் விளைவறிக்கையைத் திறம்பட எழுத விரும்புவோர்க்கு அத்தலைப்பு ஒரு கடினமான அளவுகோலைத் தந்துவிடுகிறது. கற்றல் பகிரப்பட்டதாயின், மீனவர் கற்றது என்ன என்பதோடு அமைப்பினர் கற்றது என்ன என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டுமன்றோ? இவ்விரண்டாம் பத்தியை எழுதத் துணிந்த அறிக்கைகள் மிகச் சிலவே.

இனிப் பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இவ்வேரி, சிலிக்காவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இங்கு ஒருவர் 'வருமானம் உயர்ந்தது' என்று எழுதும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'முகத்துவாரம் திறந்திருந்ததா?' என்பதே. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வெள்ளம் ஏரியை நிரப்பும். ஏரியும் கடலும் கலக்கும் வாயில் திறந்திருந்தால் இறால் குஞ்சுகள் உள்ளே வரும். மணல்மேடு அடைத்துக்கொண்டால் வரத்துக் குறையும், நீரின் உப்பும் மாறும். அவ்வாண்டு வாயில் திறந்திருந்ததனால் எல்லாக் குப்பங்களிலும் கையில் காசு புரண்டிருக்கக்கூடும். சேமிப்புப் பயிற்சி பெற்ற குப்பத்திலும் புரண்டிருக்கும். பெறாத குப்பத்திலும் புரண்டிருக்கும். அதனைப் பயிற்சியின் விளைவென்று எழுதுவது மழைக்கு மாதர் சங்கம் உரிமை கொண்டாடுவதைப் போன்றதே. பயிற்சி நடவாத அண்டைக் குப்பம் ஒன்றை உடன்வைத்துப் பார்த்தாலன்றி 'இதனால்' என்னும் சொல்லை எழுத நமக்கு உரிமையில்லை. அச்சிறு சொல்லே விளைவறிக்கையின் உயிர்நிலை. அதனையே நாம் மிக எளிதாக எழுதிவிடுகிறோம்.

ஏரியின் மற்றொரு வழக்கமும் அறிக்கையாளரைத் தடுமாறச் செய்யும். பாடு என்னும் முறையைப் பழவேற்காட்டார் நன்கு அறிவர். வளமான மீன்பிடி இடங்களில் சுத்துவலை வீசும் உரிமை முறைவைத்துச் சுழலும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் நிலவும் இம்முறையைப் பற்றி உணவு வேளாண்மை நிறுவனம் 1991 இல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. பாட்டுக்குரிய நாளில் ஒரு வீட்டிற்கு வரும் பணமும், முறையில்லாத நாளில் வரும் பணமும் ஒன்றல்ல. எனவே ஒரே ஒரு வாரத்தில் வீடு வீடாகச் சென்று வருமானம் கேட்டு எழுதும் கணக்கு எதனைக் காட்டுகிறது? அவ்வாரத்தில் யாருடைய முறை வந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. சுழற்சி முழுவதையும் தழுவாத அளவீடு இங்குப் பொய்யாகும். அளந்தவர் நேர்மையாளராயினும் அது பொய்யே.

பாடு வேறொன்றையும் நமக்குக் காட்டுகிறது. அதன் உரிமையாளர் பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த வயதுவந்த ஆடவர். பெண்களுக்கு அதில் இடமில்லை. இருளர்க்கும் ஒடுக்கப்பட்ட சாதியினரான மீன்பிடிப்போர்க்கும் இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்கள் அதே ஏரியில் அதே வேளையில் இருக்கின்றனர். 'சமுதாயம் பங்கேற்றது', 'ஊர்மக்கள் முடிவெடுத்தனர்' என்று அறிக்கை எழுதும்போது அச்சமுதாயம் எது, அவ்வூர் யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுவது சிறு குறையன்று. ஊர்ப் பஞ்சாயத்தார் வரவேற்ற திட்டத்தினால் ஊருக்கு வெளியே நிற்பவருக்கு நேர்ந்தது யாது? நண்டு வளர்ப்புப் பயிற்சி ஒன்று வெற்றி பெற்றதென்றே வைத்துக்கொள்வோம். அதற்கென வேலியிடப்பட்ட நீர்ப்பகுதியில் நேற்றுவரை கையால் தடவிப் பிடித்தவர் யார்? விளைவு என்னும் சொல் நல்விளைவை மட்டும் குறிப்பதன்று.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் டச்சுக் குருவானவர் 1632 முதல் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் பணியாற்றினார். தென்னிந்தியரின் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப்பின் 1651 இல் வெளிவந்து ஐரோப்பாவில் புகழ்பெற்றது. அவருக்குத் தகவல் தந்தோரில் தலையாயவர் பத்மநாபன் என்னும் பிராமணர். ஏரிக்கரையில் வாழ்ந்தவர் எழுதிய நூலில் ஏரிக்கரையாரின் குரலைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும். நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து பேசுவோரையே நாம் மக்கள் என்று எழுதிவிடும் வழக்கம் புதியதன்று.

திண்ணையைப் போலவே இடமும் ஒரு சல்லடைதான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர்த் தொடர்வண்டித் தடத்தில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள நிலையம் அனுப்பம்பட்டு. ஏரியோரக் குப்பங்களுக்கான பயிற்சி ஒன்றை அனுப்பம்பட்டில் நடத்துவதாகக் கொள்வோம். நகரத்திலிருந்து வரும் பயிற்றுநர்க்கு அது மிகவும் வசதி; வண்டியிலிருந்து இறங்கினால் ஆயிற்று. குப்பத்துப் பெண்ணுக்கோ அது ஒரு நாள் கூலி, விடியற்காலை மீன் ஏலத்தை விட்டுவரவேண்டும், பேருந்துக்குக் காத்திருக்கவேண்டும், மாலைக்குள் வீடு திரும்பவேண்டும். வந்து அமர்வோர் யாராக இருப்பர்? மீன் விற்காதவர், வளர்ந்த பெண்மக்கள் வீட்டிலுள்ளவர், ஓரளவு படித்தவர். அவர்களிடம் பயிற்சியின் பயனைக் கேட்டால் நல்ல விடையே கிடைக்கும். ஏனெனில் பயிற்சி மிகவும் தேவைப்பட்டவர் வரவேயில்லை. திறமான அறிக்கை வந்தோரைப் பற்றி எழுதுமுன் வாராதோரைப் பற்றி ஒரு வரியாவது எழுதும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்னும் சாதாரணச் செய்திகளை அறிக்கையாளர் அற்பமென்று விட்டுவிடுகின்றனர். நமக்கோ அவையே அறிக்கையின் மிகவும் நேர்மையான பகுதிகளாகத் தோன்றுகின்றன.

அப்படியாயின் நல்ல விளைவறிக்கைக்கு நம்மிடையே முன்மாதிரியே இல்லையா எனின், உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கம் பரவியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். பின்னர் அவரும் பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இணைந்து அவ்வனுபவத்தை 1996 இல் ஆங்கில நூலாக வெளியிட்டனர். இயக்கத்தை நடத்தியவரே மதிப்பிடுவோருள் ஒருவராகவும் இருப்பது அந்நூலின் வலிமையும் ஆகும், வரம்பும் ஆகும்; உள்ளிருந்து மட்டுமே காணக்கூடியவற்றை அது காட்டுகிறது, ஆனால் வெளியிலிருந்து கேட்கவேண்டிய சில கேள்விகளை வாசகரே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. அவ்வியக்கத்தில் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைக்கும் பெண்கள் குவாரிக் குத்தகை பெற்றனர். மிதிவண்டியைப் பற்றி அதே 1996 இல் வெளிவந்த தம் நூலில் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதே நமது பொருளுக்கு நெருங்கியது. பெண்களுக்கான மிதிவண்டிகளின் விற்பனை பெருகியதைக் கடைக்காரரிடமே அவர் கேட்டு எழுதுகிறார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது அவர்கள் ஆண்களின் வண்டியையே வாங்கினர் என்றும், குழந்தையை உட்காரவைக்க முன்கம்பி உதவுவதால் சிலர் அதனையே விரும்பினர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இச்சிறு செய்தியின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? முதலாவதாக, மிதிவண்டிக் கடைக்காரர் அறிவொளிப் பணியாளர் அல்லர். இயக்கத்தைப் புகழ்வதனால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. அவருடைய விற்பனைக் கணக்கு வேறொரு காரணத்துக்காக வைக்கப்பட்டது, ஆகவே நம்பத்தக்கது. இரண்டாவதாக, முன்கம்பியைப் பற்றிய குறிப்பு எந்தக் கற்பனையாளரும் புனையக்கூடியதன்று. வாழ்க்கையே அதனைக் கொடுத்தது. மூன்றாவதாக, பெண் இங்கு வினைமுதலாக நிற்கிறாள்: அவள் வாங்கினாள், அவள் தேர்ந்தாள், அவள் ஓட்டினாள். 'ஊட்டப்பட்டது' என்பதற்கு இங்கு இடமேயில்லை.

பழவேற்காட்டிலும் இத்தகைய சான்றுகள் இல்லாமற் போகா. கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பதிவேடு, ஐஸ் வியாபாரியின் கணக்கு, ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட மனுக்கள், அம்மனுக்களின் அடியில் கைநாட்டுக்கு மாறாகத் தோன்றும் கையெழுத்துகள் ஆகியவை நம் திட்டத்துக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. நாம் அச்சிட்டுக் கொடுக்கும் வினாப்படிவங்களைவிட அவற்றுக்கே மதிப்பு மிகுதி.

முன்னர் நாம் புனைந்த வாக்கியத்தை இப்போது திருத்தி எழுதிப் பார்ப்போம். பின்வருவனவற்றில் உள்ள எண்களும் கற்பனையே. 'ஏரிக்கரையிலுள்ள இரு குப்பங்களில் மீன் விற்கும் பெண்கள் வியாபாரியிடம் முன்பணம் பெறுகின்றனர். கணக்கேடு வியாபாரியின் கையில் இருக்கிறது. பதிவுசெய்த 58 பேரில் 31 பேர் எட்டு மாதம் தொடர்ந்து வந்தனர். இறால் பருவத்தில் 14 பேரே வந்தனர். முடிவில் 22 பேர் கணக்கேட்டைத் தாமே படித்தனர். அவர்களுள் 9 பேர் சொந்தக் குறிப்பேடு வைத்துள்ளனர். அக்குறிப்பேடுகளை நாம் பார்த்தோம். 3 பேர் கணக்கில் பிழை கண்டு வாதிட்டனர். ஒருவருடைய தொகை திருத்தப்பட்டது. மற்றொருவருக்கு வியாபாரி முன்பணம் தர மறுத்துவிட்டார். வகுப்பு நடவாத அண்டைக் குப்பத்தில் குறிப்பேடு வைப்போர் எவரையும் நாம் காணவில்லை.' 360 எங்கே, 9 எங்கே என்று நிதிக்குழுவினர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் முதல் வாக்கியத்தை எவரும் மறுக்கவியலாது, ஏனெனில் அது எதையும் சொல்லவில்லை. இரண்டாவதை மறுக்கலாம், சென்று பார்க்கலாம், குறிப்பேட்டைக் காட்டுக எனலாம். முன்பணம் மறுக்கப்பட்ட அப்பெண்ணைப் பற்றிய ஒரு வரிதான் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கடன் ஏற்பாடு ஒன்று தேவை என்பதைச் சொல்கிறது. அவ்வரியை நீக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பும் செயலர் அறிக்கையை அழகாக்கவில்லை. அப்பெண்ணைத் தனியே விட்டுவிடுகிறார்.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனின் சாட்சியை இவ்வகையில் படித்துப் பார்க்க அன்பர்களை வேண்டுகிறோம். விசாரிப்போர் அவனிடம் பெரிய தீர்ப்பை எதிர்பார்க்கின்றனர். அவனோ தான் அறியாததை அறியேன் என்கிறான். தன்னில் நிகழ்ந்த ஒன்றை மட்டும், முன்னிலை இது, இந்நிலை இது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். அவனுடைய பெற்றோரும், அவன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்குகின்றனர். அச்சத்தினால் ஒதுங்கினர் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் காட்டிய வழி சரியானது. பயனடைந்ததாகச் சொல்லப்படுவோர் வயதுவந்தோர், அவர்களையே கேட்கலாம்.

அவ்வாறு கேட்பதற்கு முறை உண்டா என்பார்க்கு, நமது அண்டை நாட்டுத் திருச்சபைப் பணியே விடை தந்துள்ளது. வங்காளதேசக் கிறிஸ்தவ வளர்ச்சி ஆணையத்தின் திட்டங்களை ஆராய்ந்த ரிக் டேவிஸ் 1990களில் ஒரு முறையை வகுத்தார். கடந்த காலப்பகுதியில் நிகழ்ந்த மிக முக்கியமான மாற்றம் எது என்று மக்களையும் களப்பணியாளரையும் கேட்பது. கிடைத்த கதைகளைக் கூடியிருந்து படித்து ஒன்றைத் தேர்வது. ஏன் அதனைத் தேர்ந்தோம் என்பதை எழுதிவைத்துக் கதை சொன்னவர்களுக்கே திருப்பித் தெரிவிப்பது. இறுதியில் பணம் கொடுப்போரும் அவ்வாறே தேர்ந்து, தம் காரணத்தைக் கூறவேண்டும். இம்முறையின் அழகு அக்காரணத்தில்தான் உள்ளது: குப்பத்தார் முக்கியமென்று கருதிய கதையும் தலைமையிடத்தார் முக்கியமென்று கருதிய கதையும் வேறுபடும்போது, மதிப்பிடப்படுவது திட்டம் மட்டுமன்று. ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. தேர்ந்தெடுத்த கதை எப்போதும் நற்கதையாகவே அமைந்துவிடும். அறுவடைப் பண்டிகையில் படைக்கும் பூசணியைப் போல ஒன்றே ஒன்று பெரிதாகத் தெரியும். தீய மாற்றத்தையும் தனியே கேட்டு எழுதுவோம் என்று முதலிலேயே உறுதிசெய்து கொள்ளாவிடில் இம்முறை பழைய சாட்சிப் புத்தகங்களின் மறுபதிப்பாகிவிடும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். பழவேற்காட்டுப் பெண்களின் எழுத்தறிவைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்திலேயே படிக்கப்பட்டு, கோப்பில் வைக்கப்படுகிறது. படிக்கக் கற்றதாகச் சொல்லப்படுவோரால் அவ்வறிக்கையைப் படிக்க முடிவதில்லை. ஏரிக்கரையார்க்கு வேறுவகைத் தாக்க அறிக்கைகள் புதியன அல்ல. எண்ணூரில் 2001 முதல் துறைமுகம் இயங்கி வருகிறது. காட்டுப்பள்ளியில் மற்றொன்று எழுந்தது. அதனை விரிவாக்கும் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு மீது 2021 ஜனவரியில் நடைபெறவிருந்த பொதுக்கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அத்தகைய மதிப்பீட்டின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்படவேண்டும். மக்களுக்கு முன்னறிவிப்பும் கொடுக்கப்படவேண்டும். அவர்கள் கூறும் மறுப்புகள் பதிவு செய்யப்படவேண்டும். அவ்விதிகள் எவ்வளவு நிறைவேறுகின்றன என்பது வேறு செய்தி. ஒரு துறைமுகத்தைக் கட்ட விரும்பும் நிறுவனத்திடம் சட்டம் கேட்கும் இக்குறைந்த அளவு மரியாதையை நமது கல்வித் திட்டங்களின் அறிக்கைகள் அம்மக்களுக்குக் காட்டுகின்றனவா?

ஆகவே பொருளுதவி செய்வோர்க்கு அனுப்புமுன் ஒரு படியைத் தமிழில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், பெரிய எழுத்தில் எழுதி, வகுப்பு நடந்த அதே இடத்தில் படித்துக் காட்டும் வழக்கம் வரவேண்டும். கற்றவர்களுள் ஒருவரே படிப்பது சிறப்பு. அவர் தடையின்றிப் படித்துவிட்டால் அதுவே அறிக்கையின் முதற்சான்று. இடறினால் அதுவும் சான்றே. கேட்டிருப்போர் 'அது அப்படியன்று' என்று சொல்லும் இடங்களை அழிக்காமல், எவ்வெப்பகுதி மறுக்கப்பட்டது என்ற குறிப்போடு பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பலாம். படித்துக் காட்டும் நாளை மீன் ஏலம் முடிந்தபின் வைக்கவேண்டும். இருளர் குடியிருப்புக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.